மாமியாரை வீட்டை விட்டு அனுப்பியவர்கள்

ஜெசிந்தா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு சிரிப்பு முகத்தோடு வந்தது.

எங்கள் பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அவளுடைய படத்தைப் போட்டு, "நம் ஜெசிந்தா இன்று காலை காலமானார்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் ஒரு பழைய டி-ஷர்ட்டின் படத்தைப் போட்டிருந்தார். அதில் அவள் எப்போதோ சொன்ன வாசகம் அச்சாகியிருந்தது: "ஓ.எஸ். முடியாது சார். நாமதான் முடிவோம்." பக்கத்தில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம். அழுகிற முகத்தைத் தேடப்போய் விரல் தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்தடுத்துப் பலர் அதே முகத்தைப் போட்டபோது தவறல்ல என்று புரிந்தது. "என்ன ஒரு நகைச்சுவை உணர்வு!" என்றார் ஒருவர். "எங்கள் ஸ்டாண்ட்-அப் காமெடியன் போய்விட்டார்" என்றார் இன்னொருவர்.

நான் அன்று திருப்பத்தூரில் என் அம்மா வீட்டில் இருந்தேன். கைப்பேசியைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, ஆலங்காயம் வழியாக அவள் வீடு இருக்கும் மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது. நினைவஞ்சலியில் யாரையும் குறை சொல்லக்கூடாது என்பீர்கள். அவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதேன் என்பீர்கள். நல்லவிதமாகத்தான் எழுதப்போகிறேன். அதற்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அவளை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஜெசிந்தா அமிர்திப் பக்கத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நான் திருப்பத்தூர்க்காரி. சென்னையில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருவரும் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். நான் பேசுவதைக் கேட்டதும் திரும்பிப் பார்த்து, "நீ நம்ம பக்கமாடி?" என்றாள். அன்றிலிருந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நோயாளியின் இதயத் துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனையும் திரையில் காட்டும் பெட்டிகளை மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் நிறுவனம் அந்தப் பெட்டிகளைச் செய்தது. அவற்றுக்குள் ஓடும் மென்பொருளை நாங்கள் எழுதினோம்.

ஆரம்பத்தில் பெட்டிக்குள் ஓடிய இயங்குதளம், அதாவது ஓ.எஸ்., வெளியிலிருந்து வாங்கியது. ஒருநாள் முதலாளி எல்லாரையும் கூட்டி, இனி நமக்கென்று சொந்தமாக ஒரு ஓ.எஸ். எழுதப்போகிறோம் என்று அறிவித்தார். அவருக்கு அது ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடிப்பது மாதிரியான வேலை. "நாலு பேர் உக்காந்தா முடியாதா? ஜெசிந்தா, நீங்க சொல்லுங்க, எப்ப முடியும்?" என்றார்.

"ஓ.எஸ். முடியாது சார்" என்றாள் அவள். "நாமதான் முடிவோம்."

அறை அதிர்ந்தது. முதலாளியே மேசையைத் தட்டிச் சிரித்தார். அந்த வருட ஆண்டுவிழாவில் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன நேரான பதில் அது. ஓ.எஸ். என்பது எழுதி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளும் வேலை இல்லை. புதிதாக ஒரு சிப் வந்தால் மாற்ற வேண்டும். அந்தச் சிப்பைச் செய்தவர்கள் கையேட்டில் எழுதியது ஒன்றாகவும் சிப் செய்வது ஒன்றாகவும் இருக்கும். அதற்கும் வழி பண்ண வேண்டும். மேலே ஓடும் ஒவ்வொரு நிரலும் "எனக்கு முதலில்" என்று கையை நீட்டும். எழுதியவர்கள் உயிரோடு இருக்கிற வரைக்கும் கூடவே இருக்க வேண்டும், அவர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆட்களைத் தயார்செய்ய வேண்டும். அதைத்தான் அவள் ஒற்றை வரியில் சொன்னாள். அவள் ஆள் கேட்டாள். அவர்கள் பனியன் கொடுத்தார்கள்.

அவள் அப்படித்தான் பேசுவாள். இந்த வேலையின் சிக்கலை விளக்க உட்கார்ந்தால் கேட்பவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு வரியில் அடைத்துக் கொடுப்பாள். நினைவகத்தைப் பற்றிக் கேட்ட ஒரு மேலாளரிடம், "கல்யாணத்துக்கு எரவல் வாங்கின அண்டா மாதிரி சார். வாங்கறப்ப எல்லாருமே நாளைக்கு குடுத்துடறேன்னுதான் சொல்றாங்க" என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் பெட்டி நாள்கணக்கில் ஓடினால் நினைவகம் தீர்ந்து தானாக அணைந்துவிடும். எந்த நிரல் வாங்கியதைத் திருப்பவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு அவகாசம் வேண்டியிருந்தது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவகாசம் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் வந்து தானாகவே கண்டுபிடித்தாள். இப்படி வாயால் சொல்வதையெல்லாம் நிரலிலும் குறிப்பாக எழுதிவைப்பாள்.

அவள் கணவர் ஆரோக்கியம் சார் ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியர். அவள் வாரக் கடைசியில் மலைக்குப் போய்வருவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ்ஸும் எதிரே புளி மூட்டை ஏற்றிய லாரியும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டன. பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். லாரி டிரைவரும் அணைத்தார். இருவரும் பீடி பற்றவைத்தார்கள்.

"பாத்துக்கோடி" என்றாள் ஜெசிந்தா. "அவரு பின்னால போவட்டும்னு இவரு நிக்கறாரு. இவரு போவட்டும்னு அவரு நிக்கறாரு. ரெண்டு பேர் மேலயும் தப்பு கெடையாது. ரெண்டு பேரும் ஊரு போய் சேரப்போறதில்ல."

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் டெட்லாக். இரண்டு நிரல்கள், ஒன்று வைத்திருப்பதற்காக மற்றது காத்திருந்து, இரண்டுமே நின்றுபோவது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் உடைந்திருக்காது. சத்தம் வராது. எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும்.

"கண்டக்டர் எறங்கி விசில் ஊதினா தீந்துச்சி" என்றேன்.

"அதான் சொல்றேன். நம்ம பொட்டிக்குள்ள கண்டக்டர் யாரு? உள்ள எல்லாம் நின்னுபோனாலும் ஸ்கிரீன் மேல கடைசியா எழுதின நம்பர் அப்டியேதான நிக்கும்? நர்சம்மா அத பாத்துட்டு நல்லாத்தான் கீது கொழந்தன்னு போய்ட்டாங்கன்னா?"

கண்டக்டர் இறங்கிப் போய்க் கத்தினார், லாரி பின்னால் நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேறெங்கோ இருந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சிறு பகுதியை எழுதிச் சேர்த்தாள். அதன் வேலை ஒன்றே ஒன்று. உணர்கருவியிலிருந்து, அதாவது சென்சாரிலிருந்து, புதிய எண் வருகிறதா என்று ஓயாமல் கவனிக்கும். சில நொடிகள் வராவிட்டால் திரையைக் கறுப்பாக்கிவிட்டு வீறிடும். பழைய எண்ணை யாரும் நம்பிவிடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நிரலில் அதற்கு மேலே, படிப்பவர்களுக்கான குறிப்பாக, இப்படி எழுதிவைத்தாள்:

"இது மாமியார். மருமகள் பேசாமல் இருந்தால் ஏன் என்று கேட்கும். தொல்லையாகத்தான் இருக்கும். வீட்டை விட்டு அனுப்பிவிடாதீர்கள்."

அலுவலகத்தில் அது பிரபலமாகிவிட்டது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்த வரியைத் திறந்து காட்டுவார்கள். அவள் தன் சொந்த மாமியாரைத்தான் எழுதிவிட்டாள் என்று கேலி செய்வார்கள். அவளுக்குத் திருமணம் ஆவதற்கு முன்பே ஆரோக்கியம் சாரின் அம்மா இறந்துபோயிருந்தார். இத்தனை வருடம் கூட வேலை பார்த்த உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் காலம் வந்தது. ஜெசிந்தா மலைக்கே குடிபோய்விட்டாள். ஜமுனாமரத்தூர் வீட்டின் பின்னறையிலிருந்து வேலை செய்தாள். அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்துக்குப் புதிய தொழில்நுட்பத் தலைவர் வந்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை. உங்களுக்குத் தெரியும். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நிரலைப் பார்வையிடப்போவதாகச் சொல்லி, அதிலுள்ள வேடிக்கைக் குறிப்புகளை எல்லாம் நீக்கும்படி அவர் உத்தரவு போட்டார். தொழில்முறைக்கு ஒவ்வாதவை என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தக் காணொளிக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜெசிந்தா மறுக்கவில்லை. "குறிப்ப எடுத்துக்கோங்க சார், பரவால்ல. அதுக்கு கீழ இருக்கறத மட்டும் தொடாதீங்க. எதுக்கு வெச்சிருக்கன்னு வேற மாதிரி எழுதித் தர்றேன்" என்றாள்.

"ஜெசிந்தா, நீங்க எல்லாத்தயும் பர்சனலா எடுத்துக்கறீங்க" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

வேறு மாதிரி எழுதியும் கொடுத்தாள், சிரிப்பே இல்லாமல், நீளமாக. அது யாருடைய அஞ்சல் பெட்டியிலோ கிடந்தது. சில மாதங்கள் கழித்து அவளை வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு புகார் வந்துகொண்டிருந்தது: குழந்தையின் காலில் மாட்டிய உணர்கருவி கொஞ்சம் நழுவினாலும் பெட்டி கத்துகிறது, மருத்துவமனைகள் முகம் சுளிக்கின்றன. எது கத்துகிறது என்று தேடிப்போனவர்கள் மாமியாரைக் கண்டார்கள். மேலே குறிப்பு எதுவும் இல்லை. நீக்கியவர்களே அவர்கள்தான். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. மாற்றத்துக்கான காரணமாக எழுதியிருந்தது: "பயன் விளங்காத பகுதி."

விளக்கத்தை அழித்துவிட்டு விளங்கவில்லை என்றார்கள்.

மலைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கே எங்கள் பெட்டிகள் இருந்தன. ஜெசிந்தா போகும் கோயிலுக்கே அந்தச் சிஸ்டர்களும் வருவார்கள் என்பதால் அவளைத் தெரியும். ஒருநாள் மதியம் லூர்து சிஸ்டர் அவளுக்கு ஃபோன் செய்தார். அவர் சொன்னதை ஜெசிந்தா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"ஜெசிம்மா, உங்க பொட்டி பொய் சொல்லுதும்மா."

எடை குறைவாகப் பிறந்த ஒரு குழந்தை. சாமை விதைக்கும் ஒரு மலைக் குடும்பத்தின் முதல் குழந்தை. பெட்டியில் ஆக்ஸிஜன் நன்றாக இருப்பதாகப் பச்சை எண் நின்றிருந்தது. லூர்து சிஸ்டர் துணி மாற்றும்போது தற்செயலாகக் குழந்தையின் உதட்டைப் பார்த்தார். நீலம். பெட்டியைப் பார்த்தார். பச்சை. குழந்தையின் காலிலிருந்து உணர்கருவியைக் கழற்றிக் கையில் எடுத்தார். காற்றில் தொங்கும் கருவிக்கும் பெட்டி அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி மூச்சு கொடுத்தார், டாக்டரைக் கூப்பிட்டார். குழந்தை பிழைத்தது.

ஜெசிந்தா போட்டிருந்த உடையோடு அங்கே போனாள். பெட்டியைத் திறந்து உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தாள். எண்ணைப் படிக்கும் நிரலும் அதைப் பதிவு செய்யும் நிரலும் ஒன்றுக்கொன்று காத்து நின்றிருந்தன, அந்த வளைவில் பஸ்ஸும் லாரியும் நின்ற மாதிரியே. அப்படி நின்றால் வீறிட வேண்டியது அங்கே இல்லை.

எனக்கு அவள் ஃபோன் செய்தது அந்த வார்டில் இருந்துதான். "செல்வி, அத தூக்கிட்டாங்கடி" என்றாள். ஒரு நகைச்சுவையும் இல்லை. அவள் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. "ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலடி. இன்னா நெனச்சிகினு தூக்குனாங்க?"

தொழில்நுட்பத் தலைவரை அழைத்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த பதிப்பில் சரிசெய்துவிடலாம், அதுவரை வாடிக்கையாளர்களிடம் எதுவும் சொல்லிப் பீதி கிளப்ப வேண்டாம், ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"ஒண்ணும் ஆகலன்னு நமக்கு எப்டி சார் தெரியும்?" என்று கேட்டிருக்கிறாள். "ஆகியிருந்தாலும் பொட்டி சொல்லாதே."

அவர் மீண்டும் பீதி வேண்டாம் என்றார். அவள் ஃபோனை வைத்துவிட்டு, எங்கள் பெட்டி இருக்கும் மருத்துவமனைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தாள். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். ஆஸ்பத்திரி வாசலில் வேலியோரமாக நின்றுகொண்டு பேசியிருக்கிறாள். திருப்பத்தூர்ப் பக்கம், வேலூர்ப் பக்கம், அதற்கும் அப்பால். "எண் மாறாம நின்னா நம்பாதீங்க. முடிஞ்சா பெட்டிய கழட்டிடுங்க. கொழந்தய பாருங்க." பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனது. அவள் வாயை அடைக்க அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளை அவள் எடுக்கவே இல்லை.

அந்தப் பெட்டிகளால் வேறு எந்தக் குழந்தைக்காவது எதுவும் நேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் கடைசிவரை தெரியாது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மாமியாரைத் தூக்கியவர்களை உறுத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

அதிகாரம் இல்லாமல் வாடிக்கையாளர்களைத் தொடர்புகொண்டதற்காக அவளைச் சென்னைக்கு வரவழைத்து விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியை ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டபோது, இது அதற்கான இடம் இல்லை என்றார் தொழில்நுட்பத் தலைவர். பிறகு ஒரு தாளை எடுத்து, ஜெசிந்தா வருடக்கணக்காக நிரலில் எழுதிவைத்திருந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரல். எரவல் அண்டா. கொண்டை ஊசி வளைவு. கடைசியில் மாமியார். "உயிர் காக்கும் கருவிக்கான மென்பொருளில் எழுதுகிற எழுத்தா இது? இவருக்கு இந்த வேலையின் தீவிரம் புரிந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி" என்று முடித்தார்.

ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரிய இன்னொரு தபா படிங்க சார்" என்றாள்.

"எதை?"

"வீட்டை விட்டு அனுப்பிவிடாதீர்கள்னு ஒண்ணு இருக்குதே. அத. ஜோக்குன்னு நெனச்சி விட்டுட்டீங்க போல."

அவர் தாளை மடித்து வைத்தார். அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு வந்தது. காரணம் ஒழுங்கீனம்.

அதற்குப் பிறகு வந்த பதிப்பில் அந்தப் பகுதி திரும்பி வந்தது. பெயர் மட்டும் வேறு: பாதுகாப்பு மேற்பார்வைப் பிரிவு. விளம்பரத் தாளில் புதிய வசதி என்று முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் நிறுவனத்தின் பெயர். நான் அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"மாமியாருக்கு வேல திரும்ப கெடச்சிருச்சிடி. மருமவளத்தான் தொரத்திட்டாங்க."

நான் கேஸ் போடலாம் என்றேன். பத்திரிகைக்குப் போகலாம் என்றேன். "பொட்டி இப்போ கத்துதா?" என்று கேட்டாள். கத்துகிறது என்றேன். "அப்போ வுடு" என்றாள். எனக்கு விட மனமில்லை. அவளுக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு இல்லை, அதற்காக வருத்தமும் இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் நானும் அந்த இடத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

வேலை போன பிறகும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. உலகமெங்கும் இருப்பவர்கள் சேர்ந்து இலவசமாக எழுதும் ஓர் இயங்குதளத்தில் நினைவகப் பகுதியைப் பார்த்துக்கொண்டாள். முகம் தெரியாத யார் யாரோ எழுதியதைப் படித்துத் திருத்துவாள். மலையில் கரண்ட் போகும், இணையம் போகும். வந்ததும் உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை ஃபோனில், "இங்க யாரும் எங்கிட்ட எப்ப முடியும்னு கேக்கறதில்லடி. ஏன்னா கேக்கறவங்களும் எழுதறவங்க" என்றாள். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றே நினைக்கிறேன்.

மூளையில் ரத்தக் கசிவு. காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் மலை இறங்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவள் பிறந்த ஊர்க் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. மலையிலிருந்து ஒரு வேனில் ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். லூர்து சிஸ்டர் ஒரு பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை. நீலம் பாரித்துக் கிடந்த அதே குழந்தை. கீழே இறக்கிவிடச் சொல்லிக் கால்களை உதறியது. "இவங்க எங்களுக்கு இன்னா பண்ணாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. எனக்கு முழுசா வெளங்கலம்மா. ஆனா வரணும்னு தோணுச்சி" என்றாள் அந்தப் பெண். எங்கள் பழைய நிறுவனத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. ஆள் யாரும் வரவில்லை.

ஆனால் ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள், இணையத்தில். அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில். வேலை கெட்டுவிடக்கூடாதே. ஆரோக்கியம் சாருக்கு அழைப்பு வந்தது. கூட இருக்கும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். மறுபடி மலை ஏறினேன். ஜெசிந்தாவின் பின்னறையில், அவள் மேசையில், அவள் கணினியிலேயே நானும் அவரும் லூர்து சிஸ்டரும் உட்கார்ந்து பார்த்தோம்.

அதே தொழில்நுட்பத் தலைவர்தான் பேசினார். அவள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்த கலகலப்பைப் பற்றிப் பேசினார். எவ்வளவு கடினமான வேலையையும் சிரிப்பாக மாற்றிவிடும் அபூர்வத் திறமை என்றார். பிறகு, அவளுடைய புகழ்பெற்ற வரிகளில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன் என்று சொல்லித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். எரவல் அண்டா. கொண்டை ஊசி வளைவு. மாமியார். வரிசைகூட மாறவில்லை. விசாரணை நாளில் வாசித்த அதே வரிகள். இம்முறை குரல் தழுதழுத்தது. ஒவ்வொரு வரிக்கும் கட்டங்கட்டமாக இருந்த முகங்கள் சிரித்தன.

கடைசியில், குடும்பத்தினர் ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார்கள். ஆரோக்கியம் சார் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் மைக்கைத் திறந்தேன்.

"சார், இந்த வரிகள நீங்க இதுக்கு முன்னாடி ஒரு தபா படிச்சிருக்கீங்க. எதுக்கு படிச்சீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

அவர் தன் திரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார். "செல்வி, இது அதற்கான இடம் இல்லை" என்றார்.

"அவள வேலைய விட்டு அனுப்பனப்ப இருந்த இடத்துலயும் அதத்தான் சொன்னீங்க. அந்த மாமியார ஜோக்குன்னு சிரிச்சிங்க, அசிங்கம்னு அழிச்சிங்க, புதுசுன்னு வித்தீங்க. இப்போ அழுவறீங்க. இதுல எது சார் நெஜம்?"

என் ஒலியை அவர்கள் துண்டித்தார்கள். மலையில் இணைப்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஒரு பெண் குரல் எல்லாருக்கும் அறிவித்தது. பிறகு மௌன அஞ்சலி என்றார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். லூர்து சிஸ்டர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று குழுவில் எனக்கு வந்த செய்திகளை நான் மறக்கவில்லை. இறந்தவளின் நினைவைக் கெடுத்துவிட்டேனாம். துக்கத்தில் நிதானம் தவறிவிட்டேனாம். ஒருவர்கூட நான் கேட்டது பொய் என்று எழுதவில்லை. இனி உங்களில் யாராவது அந்தப் படங்களை மறுபடி அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து கூடவே சொல்லுங்கள்: இது எந்த வருடம் சொன்னது, எதைக் கேட்டுச் சொன்னது, கேட்டதைக் கொடுத்தோமா இல்லையா என்று. அதையும் சேர்த்து அனுப்ப மனம் வராவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். அது உங்களுடையது இல்லை.

கூட்டம் முடிந்து ஆரோக்கியம் சார் வெளியே வந்தார். "விடும்மா செல்வி. அவ இருந்தா இதுக்கும் சிரிச்சிருப்பா" என்றார்.

"அவ சிரிக்க மாட்டா சார்" என்றேன்.

"ஆமாம்மா" என்றார். "அவ சொல்றதுக்கு அவ சிரிச்சதே இல்ல. சொல்லிட்டு எதிர்ல இருக்கறவங்க மூஞ்சிய பாப்பா."

எனக்கும் அப்போதுதான் அது முழுதாக நினைவுக்கு வந்தது. அறையே உருண்டு சிரிக்கும்போது ஜெசிந்தா மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். இவனுக்குப் புரிந்ததா, இவளுக்குப் புரிந்ததா என்று. ஒரு முகத்திலாவது சிரிப்பு பாதியில் நின்று யோசனை வந்துவிடாதா என்று. பெரும்பாலும் வராது. அடுத்த முறை இன்னும் சுருக்கமாக, இன்னும் கூர்மையாகச் சொல்லிப் பார்ப்பாள்.

அவளைப் போல எனக்கு வேடிக்கையாகப் பேச வராது. அவளுடைய பொறுமையும் கிடையாது. அந்தப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், கூட்டத்தில் யாராவது ஆபத்தான ஒன்றைச் சிரிப்பாகச் சொல்லி எல்லாரும் சிரித்தால், நான் சிரிப்பதில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். சிரிப்பு அடங்கும் வரை பார்க்கிறேன். பிறகு சொன்னவர் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு" என்று கேட்கிறேன்.